கணக்கில் வராத நேயர்கள்: கசார்வாடியும் கனடாவும்

வான்கூவரில் வசிக்கும் ஒரு கான்டனீஸ் குடும்பம் ஹாங்காங் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு, அதே சேனலில் தங்கள் நகரத்துச் செய்தியையும் தாய்மொழியில் கேட்கலாம். புனேயை ஒட்டிய கசார்வாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் சென்னையில் எடுத்த சீரியலைத் தமிழில் பார்க்கலாம். தங்கள் தெருவுக்குக் குடிநீர் ஏன் வரவில்லை என்பதைத் தமிழில் சொல்ல ஒரு சேனலும் இல்லை. முதல் குடும்பம் கடல் கடந்து அந்நிய நாட்டில் குடியேறியது. இரண்டாவது குடும்பம் ரயிலேறி சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறியது. அந்நிய நாட்டில் கிடைத்த வசதி சொந்த நாட்டில் ஏன் கிடைக்கவில்லை? ஊர் நினைவு, மொழிப்பற்று என்று இதற்குக் காரணம் தேடுவது வழக்கம். இரண்டு இடத்து மக்களுக்கும் அவை இருந்தன. வேறுபாடு உரிமச் சட்டத்திலும் கேபிள் கம்பியிலும் மாதச் சந்தாவிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புனேயிலிருந்து லோணாவளா போகும் உள்ளூர் ரயிலில் சிவாஜிநகர், கட்கி, தாபோடி தாண்டினால் கசார்வாடி, அடுத்தது பிம்ப்ரி. தண்டவாளத்தை ஒட்டியே பழைய மும்பை-புனே நெடுஞ்சாலை. ஒரு பக்கம் நாசிக் பாட்டா சந்திப்பு, தாபோடிப் பக்கம் ராணுவப் பொறியியல் கல்லூரியின் பெரிய வளாகம். நீராவிக் கருவிகள் செய்யும் ஃபோர்ப்ஸ் மார்ஷல் தொழிற்சாலை கசார்வாடியிலேயே இருக்கிறது. 2022 மார்ச் 6 அன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலிருந்து புகேவாடி வரை திறக்கப்பட்ட முதல் மெட்ரோ தடத்தின் ஐந்து நிலையங்களில் கசார்வாடியும் ஒன்று. வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்கென்றே வளர்ந்த ஊர் இது.

இந்தப் பட்டையில் தமிழர் குடியேற்றத்துக்கு இரண்டு படிகள் உண்டு. முதலாவது பட்டாளத்தோடு வந்தது. புனே கண்டோன்மென்ட், கட்கி கண்டோன்மென்ட், 1869-ல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே ஆகியவற்றைச் சுற்றித் தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றின. புனே கேம்ப் பகுதியில் முதலியார் என்ற பட்டப்பெயர் இன்றும் சாதாரணம். இந்திய ஹாக்கி அணித் தலைவராக இருந்த தன்ராஜ் பிள்ளை 1968-ல் கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில்தான் பிறந்தார். இரண்டாவது படி ஆலைகளோடு வந்தது: பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், பின்னர் டெல்கோ, பஜாஜ், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகம். மும்பையின் தாராவி, மாட்டுங்கா பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. புனேத் தமிழரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இந்த மக்களுக்குத் தொலைக்காட்சி முதலில் தமிழில் வரவில்லை. மும்பை நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. மறு ஆண்டே சிங்ககட் மலைக்கோட்டையில் கோபுரம் எழுப்பி அதைப் புனேக்கு அஞ்சல் செய்தார்கள். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். ஆக, மயிலாப்பூர்க்காரருக்கு முன்பே கட்கித் தமிழர் டிவி பார்த்துவிட்டார். பார்த்தது மராத்தியும் இந்தியும். எண்பதுகளில் தேசிய ஒளிபரப்பு வந்த பிறகு, ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் ஒன்றை முறைவைத்துப் போட்டார்கள். தமிழின் முறை வரும்போது ஒரு தமிழ்ப் படம் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் விருது வாங்கிய படம். எம்.ஜி.ஆர். படத்துக்கு ஏங்கிய வீட்டில் விருதுப் படம் எந்த அளவுக்கு எடுபட்டிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் வாடகை வீடியோ கேசட்தான்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் மலையாளத்தில் ஏசியாநெட். அப்போது தனியார் நிறுவனம் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஒளிபரப்பை ஏற்ற முடியாது. நிகழ்ச்சி பதிவான நாடாக்களை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து ஏற்றினார்கள். தொடக்கத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான். ஆனால் தமிழ்நாட்டு எல்லை என்று ஒன்று முதன்முறையாகப் பொருளற்றுப் போனது. செயற்கைக்கோளின் வெளிச்சம் சென்னையில் விழுந்த அளவுக்குப் புனேயிலும் விழுந்தது.

விழுந்தது வேறு, வீட்டுக்குள் வந்தது வேறு. இடையே கேபிள்காரர் இருந்தார். தொண்ணூறுகளில் புனேயின் கேபிள்காரர்களுக்கு வருமானம் தந்தவை ஸ்டார், ஜீ. அவை ஏசியாசாட்-1 என்ற செயற்கைக்கோளில் இருந்தன. அதை நோக்கி ஒரு பெரிய டிஷ் வைத்தால் கடை நடக்கும். சன் டிவி இருந்ததோ வானத்தின் வேறொரு மூலையில் நின்ற ருஷ்யச் செயற்கைக்கோளில். அதைப் பிடிக்க இன்னொரு டிஷ், அதன் வாயில் வைக்கும் எல்.என்.பி., ரிசீவர், மாடுலேட்டர் எல்லாம் தனியாக வேண்டும். சென்னையில் எந்தக் கேபிள்காரரும் இதை யோசிக்காமல் வாங்குவார். புனேயில் அவர் தலைகளை எண்ணுவார்: என் கம்பி போகும் தெருக்களில் தமிழ் வீடு எத்தனை?

இந்தக் கணக்குதான் புலம்பெயர்ந்தோர் தொலைக்காட்சியின் அடிப்படைப் பொருளாதாரம். ஒரே எண்ணிக்கையிலான தமிழ்க் குடும்பங்கள் நகரம் முழுவதும் சிதறிக் கிடந்தால் எந்தக் கேபிள்காரருக்கும் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆலை வாசலிலும் பட்டாளக் குடியிருப்பிலும் ரயில்பாதை ஓரத்திலும் நெருக்கிக் குடியிருந்தால் டிஷ்ஷின் விலை கட்டுப்படியாகும். வசதியான குடியிருப்பில் தனியாக வீடு வாங்கிய தமிழ் அதிகாரியைவிட, சாள் எனும் நெருக்கமான வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்த தொழிலாளிக்கு இந்தக் கணக்கு சாதகமானது. அனலாக் கேபிளில் இடமும் குறைவு. ஒரு கம்பியில் ஏறக்குறைய நூறு சேனல்தான் போகும்; பழைய டிவிப் பெட்டிகளுக்கு அதுவும் அதிகம். ஒரு தமிழ்ச் சேனலை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும். எதை இறக்குவது என்று முடிவு செய்தவர் அமைச்சரோ வாரியமோ அல்லர். மாதம் ஒருமுறை பணம் வாங்க வாசலுக்கு வந்த மனிதர். அவரிடம் முறையிடலாம், சண்டை போடலாம், தீபாவளிக்கு முன் நினைவூட்டலாம். மொழிச் சிறுபான்மையின் ஒளிபரப்பு உரிமை என்று இந்தியாவில் ஏதாவது இருந்ததென்றால், அது அந்த வாசற்படிப் பேச்சுவார்த்தைதான்.

அதை முடித்துவைத்தது டிஜிட்டல். 2003 முதல் டிஷ் டிவி, 2006-ல் டாடா ஸ்கை, 2007 இறுதியில் சன் டைரக்ட் என வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்தபோது, சிதறிக் கிடந்த தமிழருக்கும் சேனல் கிடைத்தது. கேபிளிலும் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற இரண்டாம் கட்ட ஆணை 2013 மார்ச் 31-ஐக் கெடுவாகக் கொண்டு 38 நகரங்களுக்கு வந்தது. புனேயும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. கம்பியில் இடப் பஞ்சம் தீர்ந்தது. பின் 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது: அப்போது அடிப்படையாக நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல்களை விலை பார்த்துத் தனித்தனியாக எடுக்கலாம் என்று ஆனது. சன் டிவி தனக்கு வைத்த விலை 19 ரூபாய், அதாவது தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலுக்கு அப்போது அனுமதிக்கப்பட்ட உச்சம். வரியோடு 22 ரூபாய் 42 காசு. மகாராஷ்டிரத்துக்கென்று நிறுவனங்கள் கட்டிவைத்த பேக்குகள் மராத்தி, இந்திச் சேனல்களைச் சுற்றியே அமைந்தன. தமிழ் அதன் மேல் தனிச் செலவு. வாசலில் வாதாடிப் பெற்றதை இப்போது ரீசார்ஜ் செய்து பெறலாம் என்பது முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வாதாடியவருக்கு ஒரு குரல் இருந்தது. ரீசார்ஜ் செய்பவருக்கு ஒரு வாடிக்கையாளர் எண் இருக்கிறது.

அந்த எண்ணுக்கும் விளம்பரச் சந்தையில் மதிப்பு இல்லை. பார்வையாளர்களை அளக்கும் பார்க் அமைப்பு நாட்டைச் சந்தைகளாகப் பிரித்திருக்கிறது. தமிழ்ச் சேனலின் ரேட்டிங் என்று நாம் வியாழக்கிழமைகளில் படிப்பது தமிழ்நாடு-புதுச்சேரிச் சந்தையின் ரேட்டிங். கசார்வாடி வீட்டில் அளவீட்டுக் கருவி இருந்தாலும் அது மகாராஷ்டிரம்-கோவா சந்தையில் சேரும். மசாலாப் பொடிக்கும் தங்க நகைக்கும் சென்னையில் விளம்பரம் வாங்குபவர் புனே நேயருக்காக ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டார். ஆகவே அவரை மனத்தில் வைத்து ஒரு நிகழ்ச்சி எடுப்பது எந்தச் சேனலுக்கும் நட்டம். சன் குழுமம் மகாராஷ்டிரத்துக்கு வராமல் இல்லை. 2021 அக்டோபர் 17-ல் சன் மராத்தி தொடங்கியது. ‘சுந்தரி’ சீரியல் மராத்தியிலும் எடுக்கப்பட்டது. வணிக நோக்கில் அது சரியான முடிவு: பன்னிரண்டு கோடி மக்கள் உள்ள மாநிலத்தில் அந்த மாநில மொழியில்தான் சந்தை இருக்கிறது. தமிழ் நிறுவனம் ஒன்று புனேயின் மராத்திக் குடும்பத்துக்கென்று கதை எடுக்கிறது; அதே தெருவின் தமிழ்க் குடும்பத்துக்கென்று எடுப்பதில்லை.

இப்போது கனடாவுக்கு வருவோம். அங்கும் சந்தை சிறிதுதான். சந்தையை மட்டும் நம்பியிருந்தால் கசார்வாடிக் கதையே அங்கும் நடந்திருக்கும். சைனாவிஷன் என்ற சீன மொழிச் சேனல் 1984-ல் தொடங்கி, பணமுடையில் திவாலானது. ஹாங்காங்கிலிருந்து குடியேறிய தாமஸ் ஃபங்கின் ஃபேர்சைல்ட் குழுமம் அதையும் வான்கூவரின் கேத்தே சேனலையும் வாங்கி, 1993-ல் சைனாவிஷனை ஃபேர்சைல்ட் டிவி ஆக்கியது. சன் டிவி பிறந்த அதே ஆண்டு. கான்டனீசுக்கு ஃபேர்சைல்ட், மாண்டரினுக்கு டேலன்ட்விஷன் என்று இரண்டு சேனல். வான்கூவரை அடுத்த ரிச்மண்டிலும் டொரொண்டோ வட்டாரத்திலும் சொந்தச் செய்திப் பிரிவு.

இது பிழைத்ததற்குக் காரணம் கனடாவின் ஒளிபரப்பு ஆணையமான சி.ஆர்.டி.சி. 1979-லேயே டொரொண்டோவில் பல மொழிகளுக்கென ஒரு நிலையம் உரிமம் பெற்று இயங்கத் தொடங்கிவிட்டது. 1985-ல் இனக்குழு ஒளிபரப்புக் கொள்கை என்றே தனியாக ஒன்று வந்தது, 1999-ல் திருத்தப்பட்டது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழிச் சேனலுக்கு அங்கே சட்டத்தில் ஒரு தனி வகை உண்டு. அந்த வகையில் உரிமம் வாங்கினால், நேரத்தில் ஒரு பங்கைக் கனடாவிலேயே தயாரித்த நிகழ்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். ஹாங்காங் நாடகத்தை மட்டும் ஓட்டிப் பணம் பார்க்க முடியாது.

2004 வரை, உள்நாட்டு மொழிச் சேனலோடு போட்டியிடும் வெளிநாட்டுச் சேனலுக்கு அனுமதியே அரிது. அந்த ஆண்டு இத்தாலிய ராய் சேனலை மறுத்ததில் பெரும் எதிர்ப்பு கிளம்பி, ஆணையம் கதவைத் திறந்தது. திறக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தது: வெளிநாட்டுப் பொதுச் சேனல் வேண்டுமென்றால், அதே மொழியில் உள்ள கனடியச் சேனல் ஒன்றையும் சந்தாதாரர் எடுத்திருக்க வேண்டும். 2006 டிசம்பரில் சீன அரசுத் தொலைக்காட்சி உள்ளிட்ட ஒன்பது சேனல்களின் ‘பெருஞ்சுவர்’ தொகுப்புக்கு அனுமதி கிடைத்தபோதும் இந்த நிபந்தனை தொடர்ந்தது. பெய்ஜிங் சேனல் பார்க்க விரும்பியவரின் பணத்தில் ஒரு பகுதி, அவர் குடியிருக்கும் ஊரின் செய்தியைச் சீன மொழியில் சொல்லும் சேனலுக்குப் போனது. இது சுதந்திரச் சந்தை அல்ல, கட்டாயம். நேயர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கட்டாயம் இல்லாமல் ரிச்மண்ட் நகர மன்றக் கூட்டத்துக்கு ஒரு கான்டனீஸ் நிருபர் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இதே சட்டக் குடையின் கீழ்தான் தமிழும் கனடாவில் வளர்ந்தது. எழுபதுகளில் தெற்காசிய நிகழ்ச்சிகள் தயாரிக்கத் தொடங்கிய ஷான் சந்திரசேகர் தமிழர், அவருடைய ஏ.டி.என். 1997-ல் நாடு தழுவிய உரிமம் பெற்றது. 2000-க்குப் பின் டொரொண்டோவில் தமிழுக்கென்றே தமிழ் விஷன் போன்ற சேனல்கள் வந்தன. ஸ்கார்பரோத் தமிழர் ஒருவர் மாநகரத் தேர்தலில் நின்றால் அவரைத் தமிழில் கேள்வி கேட்க ஒரு ஸ்டுடியோ இருந்தது.

ஈழத்தமிழருக்கு இன்னொரு தேவையும் இருந்தது. புனேத் தமிழருக்குச் சென்னை என்ற தாயக ஸ்டுடியோ உண்டு. போர்க்காலத்து ஈழத்தமிழருக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே அவர்கள் இருந்த இடத்திலேயே கட்டினார்கள். லண்டனில் ஐ.பி.சி. வானொலி 1997-ல் தொடங்கியது. அங்கே தீபம் டிவி, பாரிசில் டி.டி.என். இவை வெறும் ஏக்கத்தின் கருவிகள் அல்ல என்பதை அரசுகள் புரிந்துகொண்டன. 2007-ல் பிரெஞ்சு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பின் நடவடிக்கையால் டி.டி.என். நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில், தன் செயற்கைக்கோளை விடுதலைப் புலிகள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக இன்டெல்சாட் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அதை நிறுத்துவதாக அறிவித்தது. சீனர் தரப்பிலும் இதே பிளவு உண்டு: 2001-ல் நியூயார்க்கில் தொடங்கிய என்.டி.டி. பெய்ஜிங்கை எதிர்ப்பது; பெருஞ்சுவர் தொகுப்பு பெய்ஜிங்கினுடையது. புலம்பெயர்ந்தோர் சேனல் என்றால் அரசியல் இல்லாமல் இராது. கசார்வாடித் தமிழருக்காக எந்த அரசும் கவலைப்பட்டதில்லை என்பது ஒருவகையில் நல்லதுதான்.

இடைச்செருகலாக ஒன்று: இந்தியாவிலேயே சீனக் குடியேறிகள் உண்டு, கொல்கத்தா டாங்ராவில். அவர்களுக்குத் தொலைக்காட்சி வாய்க்கவில்லை. 1969-ல் தொடங்கிய சீன மொழி நாளேடு ஒன்று இருந்தது. 2020-ல் பெருந்தொற்றின்போது அதுவும் நின்றுபோனது. டொரொண்டோவின் சீனருக்கும் டாங்ராவின் சீனருக்கும் இடையே எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு, ஒப்பிடுவது முழு நியாயமாகாது. என்றாலும் எண்ணிக்கை ஐந்து லட்சமாக இருந்த மகாராஷ்டிரத் தமிழருக்கும் விளைவு வேறாக இல்லை.

இந்திய ஒளிபரப்புச் சட்டத்தின் மனத்தில் மொழி என்றால் மாநிலம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன; 1960 மே 1-ல் மகாராஷ்டிரம் பிறந்தது. அதே வரைபடத்தின் மீதுதான் தூர்தர்ஷன் தன் நிலையங்களை நட்டது: மராத்திக்கு மும்பை, தமிழுக்குச் சென்னை. கோடுகளுக்கு வெளியே போனவர்களை அரசியலமைப்பு மறக்கவில்லை. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிப் பேசும் 350ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையரை ஏற்படுத்தும் 350பி பிரிவும் ஏழாவது திருத்தத்தில் வந்தவை. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துவது இந்தப் பின்னணியில்தான். பள்ளிக்கூடத்தோடு அந்த அக்கறை நின்றுவிட்டது. சேனல் உரிம விதிகள் செய்தியா, செய்தி அல்லாததா என்று பிரிக்கின்றன. நிகழ்ச்சி எந்த ஊரில், எந்தச் சிறுபான்மைக்கு என்று கேட்பதில்லை. 2006-ன் சமுதாய வானொலிக் கொள்கை உள்ளூர்த் தயாரிப்பை வற்புறுத்துகிறது, உள்ளூர் மொழியையும் விரும்புகிறது. கட்கியில் நூறாண்டுக்கு மேலாகப் பேசப்படும் தமிழ் அங்கே உள்ளூர் மொழியா என்ற கேள்விக்கு அந்தக் கொள்கையில் நேரான பதில் இல்லை.

இனி எல்லாம் கைப்பேசிதானே, சேனல் எதற்கு என்று கேட்கலாம். 2016-ல் ஜியோ வந்து, மறு ஆண்டு சன் நெக்ஸ்ட் வந்த பிறகு, சென்னையில் கிடைப்பது அத்தனையும் கசார்வாடி மெட்ரோவில் நின்றுகொண்டே பார்க்கக் கிடைக்கிறது. ஃபேர்சைல்டுக்கும் இளைய நேயர்கள் கைவிட்டுப் போவது இதனால்தான். ஆனால் பெறும் வசதி பெருகியது, அவ்வளவே. மராத்திப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டில் ஓடும் சீரியலின் பேச்சுத்தமிழ்தான் அதற்குக் கிடைக்கும் பாடம். அந்தத் தமிழில் தாம்பரம் வரும், கோயம்பேடு வரும். பிம்ப்ரி சந்தையோ நாசிக் பாட்டாவோ ஒருநாளும் வராது. தான் வாழும் ஊருக்குத் தன் மொழியில் பேச்சே இல்லை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

கனடாவைப் போல ஒரு சட்டம் இங்கே நாளையே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது வராமலே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கேபிளும் டி.டி.எச்.சும் கட்டாயம் தரவேண்டிய தூர்தர்ஷன் சேனல்களில் பொதிகையும் இருந்தது. 2024 ஜனவரி 19 முதல் அது டிடி தமிழ். கசார்வாடியின் செட்டாப் பாக்ஸில் தனிக் கட்டணம் கேட்காமல் வரும் தமிழ் அது. மும்பை வொர்லியில் தூர்தர்ஷனுக்கு நிலையம் இருக்கிறது; புனேயில் ஆகாசவாணி 1953 முதல் இருக்கிறது. நாட்டின் பல்வேறு மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடம் தரவேண்டும் என்று பிரசார் பாரதிச் சட்டமே சொல்கிறது. வாரத்துக்கு அரைமணி நேரம் மும்பை, புனேத் தமிழரின் ஊர்ச் செய்தியை டிடி தமிழில் தர, புதிய உரிமமும் தேவையில்லை, புதிய செயற்கைக்கோளும் தேவையில்லை. கட்கியிலும் தாபோடியிலும் கசார்வாடியிலும் உள்ள தமிழ் அமைப்புகள் பொங்கல் விழா அழைப்பிதழோடு இந்தக் கோரிக்கையையும் பிரசார் பாரதிக்கு எழுதி அனுப்பட்டும்.